சோடி இல்லாத அட்டை

கோல்டிங்
14.1.1988

அன்பு மச்சாளுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். உங்களுக்கு அந்தச் செங்கண்மாரி திரும்ப வரவில்லை, கண்ணில் மஞ்சள் இல்லை என்று அண்ணைக்கு எழுதியிருந்தீர்கள். அது மட்டும் அந்தக் கிழமை வந்திராவிட்டால் எங்களோடு நீங்களும் விமானம் ஏறியிருப்பீர்கள். ஒரு மாதத்தில் நீங்கள் வந்துவிடுவீர்கள் என்று சொல்லித்தான் அண்ணையும் நானும் உங்கள் பிள்ளை சாரங்கியைத் தூக்கிக்கொண்டு டென்மார்க் வந்தோம். அந்த ஒரு மாதம் பதினேழு மாதமாகிவிட்டது. உங்களைக் கூப்பிட அண்ணை போட்ட விண்ணப்பத்துக்கு இன்றும் பதில் இல்லை.

சாரங்கியைப் பற்றி ஒன்று எழுத வேண்டும். பயப்பட வேண்டாம். அவள் போகும் சிறுவர் பள்ளியில் நான்கு மாதமாக வாயே திறப்பதில்லையாம். டேனிஷும் இல்லை, தமிழும் இல்லை. வீட்டில் கதைக்கிறாள், ஆனால் வசனம் தமிழில் தொடங்கி நடுவழியில் நின்றுவிடுகிறது. சொல்லைத் தேடிப் பார்த்து, கிடைக்காவிட்டால் விரலால் காட்டுகிறாள்.

அவளுடைய ஆசிரியை இங்கர் என்னைக் கூப்பிட்டு ஒரு பெட்டி தந்தார். உள்ளே படம் போட்ட அட்டைகள், ஒவ்வொரு படத்திலும் இரண்டு. எல்லாவற்றையும் கவிழ்த்து வைக்க வேண்டும். ஒருவர் இரண்டைத் திருப்பலாம். ஒரே படமென்றால் அவருக்கு. இல்லாவிட்டால் திரும்பக் கவிழ்த்துவிட்டு, எது எங்கே இருந்தது என்று மனதில் வைத்திருக்க வேண்டும். “வீட்டு மொழியிலேயே விளையாடுங்கள், அது பலமாக இருந்தால்தான் மற்ற மொழி அதன்மேல் ஏறும்” என்றார். அதனால் நான் ஒரு சட்டம் சேர்த்தேன். சோடியை எடுப்பவர் அதைப் பற்றித் தமிழில் ஒரு வசனம் சொன்னால்தான் அட்டை அவருக்கு. இன்னொரு சட்டம், எது எங்கே கிடக்கிறது என்று மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது.

அண்ணை இறைச்சித் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்ததும் தூங்கிவிடுகிறார். ஆகவே நாங்கள் இருவரும்தான் விளையாடுகிறோம்.

உங்கள் சுகத்தை எழுதுங்கள்.

அன்பு மச்சாள்
பரமேஸ்வரி


மானிப்பாய்
22.2.1988

பரமேஸ்வரிக்கு,

உயிரோடு இருக்கிறேன். இப்போது இங்கே அதுதான் சுகம். ஊரடங்குக்கு ஏற்ப பள்ளிக்கூடம் கிழமைக்கு மூன்று நாள் நடக்கிறது.

நான்கு மாதமாகப் பேசவில்லை என்பதை இப்போதுதான் எழுதுகிறீர். இரண்டரை வயதில் பக்கத்து வீட்டு விக்ரோரியா அக்காவோடு வேலிக்கு மேலால் வாயாடின பிள்ளை அது. “உங்கட மகளுக்கு நாக்கு ரெண்டு” என்று அந்த மனுசி சொல்வதை நீரும் கேட்டிருக்கிறீர். அந்த நாக்கு எங்கே போனது?

நானும் ஒரு ரீச்சர். ஏழு வருடமாக இரண்டாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். பிள்ளை சொல்லச் சொல்லித்தான் படிக்கும். ஒரு சொல்லைப் பத்துத் தரம் சொல்ல வைத்தால் அது மனதில் நிற்கும். அட்டை திருப்பினால் மொழி வருமென்றால் கடுதாசிச் சீட்டு விளையாடுகிற ஆண்களெல்லாம் இந்நேரம் பண்டிதர்களாகியிருப்பார்கள். ஆனால் அங்கே இருப்பவர் நீர். உமக்குச் சரியென்று பட்டதைச் செய்யும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். சோடி கிடைத்த சந்தோசத்தில் அவள் யாருடைய மடியில் வந்து ஏறுகிறாள்?

கமலாதேவி


கோல்டிங்
30.3.1988

அன்பு மச்சாளுக்கு,

உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். நீங்கள் வெளியில் போகும்போது கவனம்.

பத்துத் தரம் சொல்வதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. நூலகத்தில் ஞாபகம் பற்றி ஒரு புத்தகம் எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மாதமாக வாசிக்கிறேன். ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதைவிட, பார்க்காமல் மனதுக்குள் தேடி எடுக்கும்போதுதான் அது அதிகம் உறுதியாகிறதாம். தேடி எடுக்கக் கொஞ்சம் கஷ்டப்பட வேண்டும், அந்தக் கஷ்டம்தான் பயிற்சி. விளையாட்டு மட்டும் மொழியைத் தந்துவிடாது என்றும் எழுதியிருக்கிறது. விளையாடிக்கொண்டு கதைக்க வேண்டும், பிள்ளை நன்றாகத் தூங்க வேண்டும், யாராவது அவசரப்படாமல் காத்திருந்து கேட்க வேண்டும்.

சாரங்கிக்குப் பலன் தெரிகிறது. முந்தி ஆறு சோடிக்கே குழம்பினாள். இப்போது பத்து வைக்கிறோம். போன கிழமை கரண்டிச் சோடியை எடுத்துவிட்டு, “கரண்டி சூடாயிருந்தா வாய் சுடும், அப்பா ஊதுவார்” என்றாள். ஒரே மூச்சில் சொன்னாள்.

மடியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நாங்கள் நிலத்தில் பாய் விரித்துத்தான் விளையாடுகிறோம்.

அன்புடன்
பரமேஸ்வரி


மானிப்பாய்
9.5.1988

பரமேஸ்வரிக்கு,

நான் சுகம். பாயில் விளையாடுகிறீர்கள். சரி.

பார்க்காமல் தேடி எடுப்பதுதான் நினைவை உறுதியாக்கும் என்றால் என் பிள்ளைக்கு என்னைவிட நல்ல பாடம் வேறில்லை. இருபது மாதமாக என்னைப் பார்க்காமலே இருக்கிறாள்.

இத்துடன் வரும் பொதியைக் கவனமாகப் பிரியும். சப்பாத்துப் பெட்டியை வெட்டி நானே அட்டை செய்தேன். பன்னிரண்டு சோடி. விக்ரோரியா அக்காவின் சேவல், முருங்கைக்காய், தேங்காய்த் துருவலை, என் சைக்கிள், மீசையோடு அவளுடைய அப்பா. எனக்குப் படம் கீற வராது. சேவல் வாத்துப் போல இருக்கும், சிரிக்க வேண்டாம்.

பன்னிரண்டாவது சோடி கீறியதல்ல. விண்ணப்பத்துக்காக என்னைப் படம் எடுத்தபோது ஆறு பிரதி கழுவித் தந்தார்கள். நான்கு உங்கள் நாட்டில் ஏதோ ஓர் அலுமாரியில் தூங்குகின்றன. மிச்சம் இரண்டையும் ஒட்டியிருக்கிறேன். இனி அவள் டென்மார்க் கரண்டியையும் கோப்பையையும் தேட வேண்டாம். என்னைத் தேடட்டும்.

ஜூனில் அவளுக்கு ஐந்து வயது. அன்றைக்குக் கொடும்.

கமலாதேவி


கோல்டிங்
20.6.1988

அன்பு மச்சாளுக்கு,

எல்லோரும் சுகம். அட்டைகள் பத்திரமாக வந்தன. பிறந்தநாளன்று காலையில் கொடுத்தேன். இப்போது இங்கரின் பெட்டியை அவள் தொடுவதே இல்லை.

சேவலைப் பார்த்து “வாத்து” என்றாள். மன்னிக்க வேண்டும், நானும் அண்ணையும் சிரித்துவிட்டோம்.

உங்கள் படத்தில் முதலாவதை அவள்தான் திருப்பினாள். கவிழ்க்க மனமில்லாமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். “கவிழ்க்கவேணும் குஞ்சு, அதுதானே சட்டம்” என்றேன். நான்கு முறை மாறி மாறித் திருப்பிய பிறகு மற்றதையும் கண்டுபிடித்துவிட்டாள். அப்பா, அப்பா என்று கத்தி, தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பிக் காட்டினாள்.

வசனம் சொல்லச் சொன்னேன். நிறைய நேரம் யோசித்தாள். பிறகு, “அம்மா படத்தில இருக்கிறா” என்றாள்.

எல்லாச் சோடியும் முடிந்த பிறகு ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்துவிட்டு, “மாமியின்ர படம் ஏன் இல்லை?” என்று கேட்டாள்.

இங்குள்ள பத்திரிகைகளில் எங்கள் ஆட்களின் விண்ணப்பங்களைப் பற்றி எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். அதிகாரிகள் வேண்டுமென்றே அடுக்கின் அடியில் வைத்திருக்கிறார்களாம். சட்டப்படி உங்களுக்கு வர உரிமை இருக்கிறது என்று அண்ணை படித்துப் படித்துச் சொல்கிறார்.

அன்புடன்
பரமேஸ்வரி


மானிப்பாய்
28.7.1988

பரமேஸ்வரிக்கு,

சுகம் கேட்டு எழுதியதற்கு நன்றி.

“படத்தில இருக்கிறா” என்று அவள் சொன்னாளாம். அதை எனக்கு எழுத உமக்கு மை கிடைத்திருக்கிறது. இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை என்று நானும் எழுதி வைக்கிறேன்.

இனி அந்தச் சோடிக்கு வேறு வசனம். “அம்மா வாறா.” ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் அதைத்தான் சொல்ல வேண்டும். பத்துத் தரம் சொல்ல வைக்கிற பழைய ரீச்சர் என்று நினைத்தாலும் பரவாயில்லை. கிழமைக்கு எத்தனை தரம் அந்தச் சோடி அவளுக்குக் கிடைக்கிறது என்று எண்ணி எழுதும்.

உம்முடைய புத்தகத்தை நான் முழுக்கத் தள்ளிவிடவில்லை. என் வகுப்பிலும் எழுத்து அட்டை செய்து கவிழ்த்து வைத்தேன். தலைமையாசிரியர் நவரத்தினம் யன்னலால் எட்டிப் பார்த்து, “என்ன ரீச்சர், பள்ளிக்கூடத்தில சூதாட்டமோ?” என்றார். “ஓம் சேர், நீங்களும் ஒரு கை போடுங்கோ” என்றேன். உட்கார்ந்தவர் ஏழு வயதுப் பிள்ளையிடம் தோற்றுப்போய், “கண்ணாடி கொண்டரேல்லை” என்று எழும்பினார். ‘ழ’வையும் ‘ள’வையும் ஒரு வருடமாகப் பிரிக்கத் தெரியாமல் இருந்த பிள்ளைகள் இரண்டு கிழமையில் பிரிக்கிறார்கள்.

வெடிச்சத்தம் கேட்டால் எனக்கும் எதை எங்கே வைத்தேன் என்று மறந்துவிடுகிறது. அதனால் ஊரடங்கு நேரத்தில் தனியே உட்கார்ந்து திருப்புகிறேன். மனம் ஓரிடத்தில் நிற்கிறது. ஆனால் எதிரில் ஆள் இல்லாத விளையாட்டில் வெல்வதில் என்ன இருக்கிறது?

கமலாதேவி


கோல்டிங்
10.9.1988

அன்பு மச்சாளுக்கு,

சுகம். குளிர் தொடங்கிவிட்டது. சாரங்கிக்கு மழைச் சப்பாத்து வாங்கியிருக்கிறோம், சிவப்பு நிறம். எனக்குத் தாதி உதவியாளர் படிப்புக்குத் தூரத்து ஊரான ஹ்விடோவ்ரேயில் இடம் கிடைக்கலாம். போவதா என்று தீர்மானிக்கவில்லை.

சாரங்கி பள்ளியில் பேசத் தொடங்கிவிட்டாள். டேனிஷில். இங்கர் கைதட்டினார்.

மற்றப்படி விசேசம் ஒன்றுமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பரமேஸ்வரி


மானிப்பாய்
15.10.1988

பரமேஸ்வரிக்கு,

எனக்குச் சுகம் விசாரிக்க வேண்டாம், பதில் எழுதினால் போதும்.

ஒரு வருடம் வாய் திறக்காத பிள்ளை பேசியிருக்கிறாள். சப்பாத்தின் நிறத்தை எழுதினீர். அவள் முதலில் பேசியது என்ன என்று எழுதவில்லை. என் சோடி எத்தனை தரம் கிடைத்தது என்றும் எழுதவில்லை.

உம்முடைய அண்ணை எழுதியிருக்கிறார். பிள்ளை அட்டைகளை எண்ணி எண்ணி “இருபத்திமூண்டு” என்கிறாளாம். “அம்மா ஒண்டு குறையுது அப்பா” என்றாளாம். வீடு கூட்டும்போது துலைந்திருக்கும் என்று அவர் நினைக்கிறார். ஆண்கள் அப்படித்தான் நினைப்பார்கள்.

மூன்று வயதில் நான் இழுத்துக் கட்டிய தலையை இப்போது வேறு கை இழுத்துக் கட்டுகிறது. இரவில் காய்ச்சல் வந்தால் வேறு பெயர் சொல்லித்தான் அழுவாள். அதெல்லாம் எனக்குத் தெரியும். அறைக்குள் இருந்து நினைத்து நினைத்து எரிகிறேன், உம்மைச் சபித்தும் இருக்கிறேன். ஆனால் அவளிடம் நான் கொடுத்துவிட்டிருந்தது ஒன்றரை அங்குலப் படம் இரண்டு மட்டும்.

நேராகக் கேட்கிறேன். மற்ற அட்டை எங்கே?

கமலாதேவி


மானிப்பாய்
12.12.1988

பரமேஸ்வரிக்கு,

எட்டுக் கிழமை. தபால் தாமதம் என்று என்னால் இனி நினைக்க முடியவில்லை, உம்முடைய அண்ணையின் கடிதம் இரண்டு வந்துவிட்டது.

கமலாதேவி


கோல்டிங்
8.1.1989

அன்பு மச்சாளுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுத எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. ஆனாலும் அதைத்தான் விரும்புகிறேன்.

அட்டையை எடுத்தது நான்.

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். நான் சாரங்கியைக் கூட்டி வரப் போகும்போதெல்லாம் மற்றப் பிள்ளைகள், “உன்ர அம்மா வந்திட்டா” என்று டேனிஷில் கத்துவார்கள். முதல் நாளே நான் திருத்தியிருக்க வேண்டும். மொழி தெரியாததால் பேசாமல் இருந்தேன். மொழி வந்த பிறகும் பேசாமல் இருந்தேன். அந்தச் சொல்லைக் கேட்கத்தான் சில நாள் நேரத்தோடு போனேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஓகஸ்ட் கடைசியில் நீங்கள் சொன்ன வசனத்தைப் பழக்கத் தொடங்கினோம். உங்கள் சோடி கிடைக்கும்போதெல்லாம் “அம்மா வாறா” என்றாள். பத்து நாள் போயிருக்கும். நான் பள்ளி வாசலில் நிற்கிறேன். ஒரு பெடியன் வழமைபோலக் கத்தினான். சாரங்கி ஒரு காலில் சப்பாத்தோடு திரும்பி, அவனைப் பார்த்து டேனிஷில் சொன்னாள்: “அது என்ர மாமி. என்ர அம்மா வாறா.”

அந்தப் பள்ளியில் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். இங்கர் கைதட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கன்னம் இரண்டும் சுட்டது.

அன்று பின்னேரம் அவள் பல்லுத் தீட்டும்போது உங்கள் அட்டையில் ஒன்றை எடுத்து என் அகராதிக்குள் வைத்தேன். சோடி கிடைக்காவிட்டால் வசனமும் இல்லை என்று நினைத்தேன். இரண்டு வருடமாகத் தலை இழுத்தவள், காய்ச்சலுக்கு விழித்திருந்தவள், சொல்லுக்குச் சொல் காத்திருந்தவள் நான். இரண்டு துண்டுப் படம் என்னை வென்றுவிட்டது என்று எரிச்சல். நீங்கள் என் படத்தை வைக்காமல் விட்டதும் சேர்ந்து எரிந்தது.

புத்தகத்தில் வாசித்ததை நான் மறந்துவிட்டேன். சோடி கிடைத்த நாட்களில் “அம்மா வாறா” என்று ஒருதரம் சொல்லிவிட்டு அவள் அடுத்ததற்குப் போய்விடுவாள். கிடைக்காத நாட்களில் தேடினாள். தேடத் தேட உங்களைப் பற்றிக் கேட்டாள். அம்மா சைக்கிளில் வருவாவா, அம்மாவுக்கு டேனிஷ் தெரியுமா, அம்மாவின் தலைமயிர் எவ்வளவு நீளம். நான் ஒளித்து வைத்த பிறகுதான் நீங்கள் இந்த வீட்டில் அதிகம் இருந்தீர்கள்.

உங்கள் இரண்டு கடிதங்களும் வந்தன. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழும்பினேன். முந்தநாள் அவளிடமே சொல்லிவிட வேண்டும் என்று அகராதியைத் திறந்து அட்டையை எடுத்தேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

“எனக்குத் தெரியும், அது அங்கதான் கிடந்தது” என்றாள்.

“எப்ப கண்டனி?”

“தேடேக்க கண்டனான், கன நாளாச்சு.”

“ஏன் குஞ்சு மாமியிட்டச் சொல்லேல்லை?”

என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். “மாமியின்ர முறையெல்லே? சொல்லிக்குடுக்கக் கூடாதே.”

அத்தனை நாளும் அவள் என் முறைக்காகக் காத்திருந்திருக்கிறாள், மச்சாள்.

ஹ்விடோவ்ரேப் படிப்புக்கு ஓம் என்று சொல்லிவிட்டேன். சித்திரையில் போகிறேன். நான் இங்கே இல்லாமல் இருப்பதுதான் உங்களுக்கு நிம்மதி. இப்போது இருபத்துநான்கும் இருக்கின்றன.

பரமேஸ்வரி


மானிப்பாய்
6.3.1989

அன்புள்ள பரமேசுக்கு,

நான் சுகம். உண்மையாகவே சுகம். நேற்றுக் கொழும்பிலிருந்து தந்தி வந்தது, விசா கிடைத்திருக்கிறது. இந்தக் கடிதம் உம்மிடம் வர முன் உம்முடைய அண்ணைக்கு அது தெரிந்திருக்கும். என்றாலும் உமக்கு நானே எழுத வேண்டும் என்று இருந்தது.

உம்முடைய கடிதத்தை முதல் தரம் வாசித்தபோது கிழித்துப் போட எழும்பினேன். நடுவில் அந்த வசனம் இருந்தது. “அது என்ர மாமி. என்ர அம்மா வாறா.” என் பிள்ளை அந்த நாட்டின் மொழியில் பேசிய முதல் பேச்சு. அதைக் கிழிக்க முடியவில்லை. ஐந்தாறு தரம் வாசித்த பிறகுதான் அதில் முதலில் வருவது நீர் என்று கண்டேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். அது பொய்யாக இருக்கும். நான் வந்த பிறகும், அவள் விழுந்து அழும்போது உம் பக்கம் ஓடினால் எனக்குப் பற்றி எரியும். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வேன். நீரும் பொறுக்க வேண்டும், நானும் பொறுக்க வேண்டும். நான் வருகிற நேரம் நீர் போனால் அவள் என்ன நினைப்பாள்? ஒருத்தியைத் திருப்பினால் மற்றவளைக் கவிழ்க்க வேண்டும் என்றா? ஒரு முறை அவளை அப்படி விட்டது போதும். படிப்பை வேண்டாமென்று சொல்லவில்லை. அடுத்த தவணைக்குப் போகலாமா என்று கேளும்.

நீர் எழுதிவிட்டீர், நானும் எழுதுகிறேன். பதின்மூன்றாவது சோடி ஒன்று இருந்தது. என் கலியாணத்தன்று எடுத்த படத்திலிருந்து உம்முடைய முகத்தை வெட்டினேன். இரண்டு பிரதி இருந்தது, இரண்டையும் ஒட்டினேன். பொதி கட்டும்போது வெளியில் எடுத்து வைத்தேன். அவள் உம்மை நாள் முழுக்கப் பார்க்கிறாள், படமும் எதற்கு என்று எனக்கு நானே சொன்னேன். “மாமியின்ர படம் ஏன் இல்லை” என்று அவள் கேட்டதை நீர் எழுதியபோது அந்த இரண்டும் என் மேசை லாச்சிக்குள் கிடந்தன. நான் பதில் எழுதவில்லை. அதை நீர் கவனித்திருப்பீர்.

அதில் ஒன்று இத்துடன் வருகிறது. அதிகம் மங்கவில்லை, மூக்குத்திகூடத் தெரிகிறது. மற்ற அட்டைகளோடு கலந்து கவிழ்த்து வையும்.

இன்னொன்று என் கைப்பையில் இருக்கிறது. இருபத்தைந்து என்று எண்ணிவிட்டு அவள் கேட்பாள். சொல்லிக்கொடுக்க வேண்டாம். என்னுடைய முறை.

அன்பு மச்சாள்
கமலாதேவி